கீழாநெல்லியும் அதனை ஒத்த செடிகளும்

கண்ணும் சிறுநீரும் மஞ்சள் நிறம் கொண்ட ஒருவருக்கு வீட்டுப் பெரியோர் முதலில் தேடும் மருந்து கீழாநெல்லி. அதனை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் இச்செடிக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழை பெய்த சில வாரங்களுக்குள் கிணற்றடியிலும், வாய்க்கால் ஓரத்திலும், கொல்லைப்புறத்திலும் அது தானே முளைத்து நிற்கக் காணலாம். ஆனால், கீழாநெல்லி என்று பறித்து வரப்படும் கட்டுகளில் இருப்பது ஒரே செடிதானா என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இவ்வினா வீண் ஆராய்ச்சியன்று. மூலிகை பறித்து விற்கும் பெண்களின் கூலி இதனைப் பொறுத்திருக்கிறது. வேற்றுச்செடி கலந்த கட்டினை வாங்குவோர் திருப்பிவிட்டால், பறித்த உழைப்பும் வண்டிச் செலவும் வீணாகும். பஞ்சாயத்து வைத்திருக்க வேண்டிய பல்லுயிர்ப் பதிவேட்டின் உண்மையும் இதனைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி ஒருவர் நம்பிக் குடிக்கும் மருந்து எது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே, ஒத்த செடிகளைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறியும் முறையை ஈண்டுப் படிப்படியாகக் கூற முற்படுகிறோம்.

பெயரினால் வரும் மயக்கம்

‘கீழ்க்காய் நெல்லி’ என்பதே கீழாநெல்லி என மருவிற்று என்பர். நெல்லிக்காயைச் சிறிதாக்கியது போன்ற காய்கள் இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் பொருத்தமானதே. ஆயினும், அவ்வாறு காய் தொங்கும் செடி ஒன்று மட்டும் அன்று. குறைந்தது நான்கு இனங்கள் இந்தியாவில் இவ்விலக்கணத்துக்கு உட்படுகின்றன. எனவே, ‘இலைக்குக் கீழே காய் இருக்கிறது; ஆகையால் இது கீழாநெல்லி’ என்று முடிவு செய்வது, கொம்பு இருக்கிறது என்பதற்காக எருமையைப் பசு என்பதை ஒக்கும். காய் தொங்குதல் கூட்டத்துக்குரிய அடையாளம். அக்கூட்டத்துள் எவ்வினம் என்று காண வேறு அடையாளங்கள் வேண்டும்.

கிராமத்து மக்களே இதில் தடுமாறினர் என்று எண்ண வேண்டா. கற்றறிந்த தாவரவியலாரும் நெடுங்காலம் மயங்கினர். பழைய இந்தியத் தாவர நூல்கள் நம் கீழாநெல்லியைப் ‘பில்லாந்தஸ் நிருரி’ என்றே குறித்தன. உண்மையில் நிருரி என்பது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய வேறு செடி. அமெரிக்கத் தாவரவியலார் வெப்ஸ்டர் 1950-களில் மேற்கிந்தியத் தீவுகளின் செடிகளை விரிவாக ஆராய்ந்தபோது இது தெளிவாயிற்று. நம் நாட்டு நூல்களில் நிருரி என்னும் ஒரே பெயரின் கீழ் அமாரஸ், பிரட்டெர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்கள் கலந்து கிடந்தன என்பதை மித்ரா, ஜெயின் என்னும் இந்திய அறிஞர்கள் 1985-ல் எடுத்துக் காட்டினர்.

இம்மயக்கம் மருத்துவ ஆராய்ச்சியையும் தொட்டது. சென்னையில் எஸ். பி. தியாகராசன் முதலியோர் 1982-ல் வெளியிட்ட ஆய்வில் செடியின் பெயர் நிருரி என்றிருந்தது. அவரும், மஞ்சட்காமாலை ‘பி’ கிருமியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், பிறரும் சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் அது அமாரஸ் என்று குறிக்கப்பட்டது. அவ்வாய்வில் செடியின் பொடியை 30 நாட்கள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. இதனைக் கண்டு உலகின் பல பாகங்களிலும் ஆய்வுகள் நடந்தன. அதே விளைவு பல இடங்களில் கிட்டவில்லை. செடியின் இனமும், அது வளர்ந்த நிலமும் வேறுபட்டமை இதற்குக் காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர். 2011-ல் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய ‘காக்ரேன்’ குழுவினர், நாட்பட்ட ‘பி’ வகைக் காமாலைக்கு இக்கூட்டத்துச் செடிகள் பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறினர்.

கடைவீதியின் நிலை என்ன? தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளின் சரக்கைச் சோதித்து 2010-ல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி, 100-க்கு 76 கடைகளில் சரக்கு பெரும்பாலும் அமாரஸ் இனமாகவே இருந்தது. எஞ்சிய கடைகளில் டெபிலிஸ், பிரட்டெர்னஸ், யூரினேரியா, மதராஸ்பட்டென்சிஸ், கோழிக்கோடியானஸ் என்னும் ஐந்து வேற்றினங்கள் காணப்பட்டன. நான்கு கடைக்கு ஒரு கடையில் வேற்றுச் செடி என்பது சிறிய செய்தியன்று. உலர்த்தி நொறுக்கிய பின் செடியை அடையாளம் காண்பது நிபுணருக்கும் அரிது. பிடுங்கும் இடத்திலேயே பிரித்துவிடுவது எவர்க்கும் எளிது. அவ்விடம் கிராமம், அவ்வேலை கிராமத்தாருடையது.

முதற்படி: கூட்டத்தை அறிதல்

முதலில், கையிலுள்ள செடி நெல்லிக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தண்டைக் கிள்ளினால் பால் வரக்கூடாது. பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி, சித்திரப்பாலாடை போன்ற வேறு குடும்பத்துச் செடி. அதனை அப்பொழுதே விலக்கிவிடலாம்.

அடுத்து, கீழாநெல்லியின் பக்கக் கிளையை நோக்குக. இரு புறமும் சிற்றிலைகள் அடுக்கப்பெற்றுப் புளியிலையின் ஈர்க்குப் போல் அது தோன்றும். ஆனால் புளியின் ஈர்க்கில் சிற்றிலையின் அடியில் பூவோ காயோ ஒருபோதும் வராது. கீழாநெல்லியில் ஒவ்வோர் இலையின் அடியிலும் பூவும் காயும் உண்டு. ஆகவே நாம் ஈர்க்கு என்று எண்ணுவது உண்மையில் ஒரு சிறு கிளை. நடுத்தண்டில் முழு இலை இராது. செதில் போன்ற துணுக்குகளே இருக்கும். இலைகள் யாவும் பக்கக் கிளைகளிலேயே அமைந்திருக்கும். இவ்வமைப்பைப் பெற்ற சிறு செடியில் மேற்கூறியவாறு காயும் தொங்கினால் அது கீழாநெல்லிக் கூட்டம் என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: இனத்தை அறிதல்

இதற்கு ஒரு பூதக்கண்ணாடி இருத்தல் நலம். பள்ளிக்கூடத்தில் உள்ளதே போதும். பார்க்க வேண்டியவை நான்கு: இலை நுனி, பூவின் புல்லிவிதழ்கள், காயின் மேற்பரப்பு, விதையின் வரி.

1. கீழாநெல்லி (பில்லாந்தஸ் அமாரஸ்). ஓரடி முதல் இரண்டடி வரை நிமிர்ந்து வளரும் ஓராண்டுச் செடி. இலை ஏறத்தாழ 5 முதல் 11 மில்லிமீட்டர் நீளமுடையது. நுனி உருண்டு மழுங்கியிருக்கும். பூவில் புல்லிவிதழ் ஐந்து. இதுவே தலையாய அடையாளம். ஏனெனில் இப்பட்டியலில் உள்ள ஏனைய மூன்று இனங்களிலும் புல்லிவிதழ் ஆறு. காய் முற்றிய பின்னும் புல்லிவிதழ்கள் உதிராமல் காயின் அடியில் சிறு நட்சத்திரம் போல் நிற்பதால், பூவில்லாத காலத்திலும் அவற்றை எண்ணலாம். ஒரே பூவைப் பார்த்து முடிவு செய்யாமல் பத்துப் பூக்களையேனும் எண்ணுக. கிளையின் மேற்பகுதியில் ஒரே இலையடியில் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் இணையாக இருப்பதும் இதன் இயல்பு. காய் வழவழப்பானது. விதையின் முதுகில் நீளவாட்டில் ஐந்து அல்லது ஆறு வரிகள் ஓடும். அமாரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்று பொருள்.

2. டெபிலிஸ் இனம். தோற்றத்தில் கீழாநெல்லிக்கு மிக அண்மையானது. ஏமாற்றம் பெரும்பாலும் இதனால்தான் நேரும். இலை இரு முனையும் குறுகி, நுனி கூர்மையாக இருக்கும். புல்லிவிதழ் ஆறு. ஆண்பூவும் பெண்பூவும் இணையாக இராமல், கிளையின் அடிப்பகுதியில் ஆண்பூக்களும் நுனிப்பகுதியில் பெண்பூக்களும் தனித்தனியே நிற்கும். ஆதலின் காய்கள் கிளையின் நுனிப் பாதியிலேயே காணப்படும். காய் வழவழப்பானது, விதை வரி நீளவாட்டில் ஓடும். காயையும் விதையையும் மட்டும் பார்ப்பவர் இதனைக் கீழாநெல்லி என்றே சொல்வர். இலை நுனியும் புல்லிவிதழும்தான் காட்டிக் கொடுக்கும்.

3. சிவப்புக் கீழாநெல்லி (பில்லாந்தஸ் யூரினேரியா). தண்டும் கிளையும் பெரும்பாலும் செந்நிறம் படர்ந்திருக்கும். இலை சற்றே பெரிது. விளிம்பில் நுண்ணிய மயிர் உண்டு. விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும். காய்க்குக் காம்பு இல்லையென்றே சொல்லலாம். கிளையோடு ஒட்டினாற் போலிருக்கும். அதன் மேற்பரப்பில் சிறு பருக்கள் காணப்படும். இதில் பெண்பூக்கள் கிளையின் கீழ்ப்பகுதியிலும் ஆண்பூக்கள் நுனியிலும் இருப்பதால், காய் நிற்கும் இடம் டெபிலிஸுக்கு நேர்மாறானது. விதையின் வரிகள் குறுக்கே ஓடும். நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. வெயிலிலும் வறட்சியிலும் பச்சைச் செடியின் தண்டும் சிவப்பதுண்டு. காயின் பருவும் விதையின் குறுக்கு வரியுமே உறுதியானவை.

4. மேலாநெல்லி (பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ்). இதனைப் பிரிப்பது எளிது. நடுத்தண்டிலேயே முழு இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும்; புளியிலை போன்ற தோற்றம் இராது. இலை அடியில் ஆப்பு வடிவில் குறுகி, நுனியை நோக்கி அகலும். 1 முதல் 3 சென்டிமீட்டர் வரை நீளும். அடித்தண்டு கட்டையாக முற்றியிருக்கும். விதையில் வரிக்குப் பதிலாக நுண்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். லின்னேயஸ் 1753-ல் இதற்கு இட்ட பெயர் நம் மதராஸ்பட்டினத்தின் பெயராகும். ஆப்பிரிக்கா, அரேபியா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள ஒரு செடி, நம் ஊரின் பெயரை உலகெங்கும் தாங்கி நிற்கிறது என்பதை இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இந்நான்கில் எதனையும் பயனற்ற களை என்று இகழ்தல் கூடாது. மருத்துவ நூலார் இவற்றுள் சிலவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வழங்கினர். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பதே தவறு. பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் சத்துப்பொருள்களின் அளவு இனத்துக்கு இனம் மாறுபடுவதை வேதியியலாரும் கண்டிருக்கின்றனர்.

நிலமும் ஒரு சான்று

ஒரு செடி எங்கே நிற்கிறது என்பது அதன் இனத்தை அறியத் துணைபுரியும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள நிலத்தை இதன் பொருட்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வண்டலூர், நன்மங்கலம் முதலிய காப்புக் காடுகளிலும், 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்திலும் காணப்படும் புதர்க்காட்டு மேட்டு நிலம். இத்தகைய காய்ந்த, திறந்த நிலத்தில் மேலாநெல்லியை எதிர்பார்க்கலாம். இரண்டாவது, முடிச்சூர், மாடம்பாக்கம், அகரந்தென் போன்ற ஊர்களின் ஏரிப்பாசனப் பள்ள நிலம். நெல் வரப்பிலும் ஈரம் காயாத வாய்க்கால் ஓரத்திலும் சிவப்புக் கீழாநெல்லியைத் தேட வேண்டும். மூன்றாவது, வீட்டுக் கொல்லை, தோட்டப் பாத்தி, பூந்தொட்டி, காலி மனை ஆகிய மனிதர் கிளறிய நிலம். கீழாநெல்லி மிகுதியாகத் தழைப்பது இங்கேதான். நிழலும் ஈரமும் கலந்த இடங்களில் அதனோடு டெபிலிஸும் சேர்ந்து வளரக்கூடும். ஆகையால் ஒரே பாத்தியில் பிடுங்கிய செடிகளையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

நிலம் துணைச்சான்றே அன்றி முடிவான சான்று அன்று. தென் சென்னைப் புறநகரில் வீடுகள் பெருகப் பெருக, ஓரூர் மண் லாரியில் மற்றோர் ஊருக்குப் போகிறது. நாற்றுப் பண்ணையின் தொட்டி மண்ணும் ஊர் ஊராகச் செல்கிறது. இச்செடிகளின் காய் முற்றியதும் வெடித்து விதையைத் தெறிக்கும். கடுகினும் சிறிய அவ்விதை மண்ணோடு எங்கும் போய்ச் சேரும். ஆதலின் மேட்டு நிலச் செடி பள்ளத்திலும், பள்ளத்துச் செடி மேட்டிலும் காணப்பட்டால் வியப்பதற்கில்லை. உருவ அடையாளமே முதன்மை. இடம் அதற்கு அடுத்தது.

நாட்டளவிலான பரவலும் நமக்கு உதவும். பிரட்டெர்னஸ் பெரும்பாலும் வட, மேற்கு இந்தியாவுக்கு உரியது. கோழிக்கோடியானஸ் என்பதன் பெயரே அது கேரளத்தைச் சேர்ந்தது எனச் சொல்லும். நிருரி அமெரிக்காவுக்கு உரியது. எனவே, தாம்பரத்தில் பறித்த செடிக்கு ஒருவர் நிருரி என்று பெயரிட்டால், அவர் பழைய நூலைப் பார்த்துச் சொல்கிறார் என்று கொள்க.

மாதிரி சேர்க்கும் முறை

ஐயம் தீராத செடியைப் பாதுகாத்து, அறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். அதற்குரிய முறை எளிது. பூவும் காயும் உள்ள செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறுக. பழைய செய்தித்தாள்களுக்கிடையே இலைகள் மடங்காமல் பரப்புக. சில இலைகளைத் திருப்பி அடிப்புறம் தெரிய வைக்கவும். மேலே கனமான பலகையை வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி வந்தால் ஒரு வாரத்துக்குள் உலர்ந்துவிடும். பறித்த நாள், ஊர், நிலத்தின் வகை, மண், உள்ளூர்ப் பெயர், பச்சையாக இருந்தபோது எண்ணிய புல்லிவிதழின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சேர்க்கவும். சீட்டில்லாத மாதிரி முகவரியில்லாத கடிதம் போன்றது. இவ்வாறு தயாரித்த மாதிரியை அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையிலோ, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காட்டிக் கேட்கலாம்.

பஞ்சாயத்தின் கடமை

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. ஊரிலுள்ள செடி, கொடி, மரம், விலங்கு ஆகியவற்றையும், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்துள்ளவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அக்குழுவின் பணி. ‘கீழாநெல்லி, எங்கும் உண்டு’ என்று ஒரு வரியில் எழுதி முடிக்கும் பதிவேட்டினால் எவருக்கும் பயனில்லை. எத்தனை இனங்கள், எந்தச் சர்வே எண்ணில், எம்மாதத்தில் என்று எழுதினால், பத்தாண்டு கழித்து அந்த ஏரிக்கரை மனையாகிவிட்ட பின்பும் அங்கே என்ன இருந்தது என்பது தெரியும். நகரம் நாளுக்கு நாள் நெருங்கிவரும் நம் வட்டாரத்துக்கு இது மிகவும் வேண்டற்பாலது.

மூலிகை பறிக்கும் மகளிர் குழுவினருக்கு மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் பயிற்சி அளிக்கலாம். நான்கு இனங்களின் உலர்ந்த மாதிரிகளை அட்டையில் ஒட்டிப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் தொங்கவிடலாம். காப்புக் காட்டினுள் வன இலாகாவின் அனுமதியின்றிப் பறித்தல் கூடாது என்பதையும், பெருஞ்சாலை ஓரத்திலும், சாக்கடை நீர் கலக்கும் ஏரிக்கரையிலும், பூச்சி மருந்து தெளித்த வயலிலும் பறித்தவை மருந்துக்கு ஆகா என்பதையும் அறிவுறுத்துக. பூக்கும் முன் பறித்தால் இனத்தை அறிய இயலாது. ஆகவே காய் பிடித்த பின்னரே பறிக்க வேண்டும். ஓரிடத்திலுள்ளதை முழுவதும் பிடுங்காமல், விதைக்கென ஒரு பகுதியை விட்டுவைத்தல் முறை.

விவசாயிகள் இதனைப் பயிராகவும் செய்யலாம். இனம் உறுதி செய்யப்பட்ட செடியிலிருந்து, காய் வெடிக்கும் முன் விதை எடுத்து, நுண்மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, பின்னர் நடுவது வழக்கம். பயிரிட்ட சரக்கில் கலப்பு குறையும். வாங்குவோரின் நம்பிக்கை வளரும். வாங்குபவரை முன்கூட்டியே உறுதி செய்துகொண்ட பின்னரே பயிரிடுதல் அறிவுடைமை.

நோயாளர் பொருட்டு ஓர் எச்சரிக்கை

செடியைச் சரியாக அறிந்துவிட்டதனால் நோய்க்கு மருத்துவம் ஆகிவிட்டதாகக் கொள்ளலாகாது. மஞ்சள் நிறம் பல நோய்களின் அடையாளம். அசுத்த நீரினால் வரும் ‘ஏ’, ‘ஈ’ வகைகள் வேறு. இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் ‘பி’ வகை வேறு. பித்தநீர்க் குழாய் அடைப்பினால் வருவது வேறு. இரத்தப் பரிசோதனையின்றி இவற்றைப் பிரித்தறிய இயலாது. மயக்கம், தெளிவின்மை, இரத்தக் கசிவு, ஓயாத வாந்தி ஆகியவை காணப்பட்டாலும், நோயாளி கர்ப்பிணியாக இருந்தாலும் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ‘ஈ’ வகை உயிருக்கே ஆபத்தானது. ‘பி’ வகையைத் தடுக்கக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடப்படுகிறது. குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதும், சாக்கடை கலக்கும் குழாயைச் செப்பனிடுவதும் பஞ்சாயத்தின் கையில் உள்ள தடுப்பு முறைகள்.

கிராம சபையில் கலந்து பேச வினாக்கள்

1. நம் ஊரில் கீழாநெல்லி என்று வழங்கும் செடிகளில் எத்தனை இனங்கள் உள்ளன? பத்துச் செடிகளைப் பிடுங்கிப் புல்லிவிதழ்களை எண்ணுக.

2. காயின் பரு, விதையின் வரி ஆகியவற்றைக் கொண்டு சிவப்புக் கீழாநெல்லியை எவ்வாறு பிரிப்பீர்?

3. மேட்டு நிலத்திலும், வரப்பிலும், கொல்லையிலும் கிடைத்த செடிகளிடையே என்ன வேற்றுமை காண்கிறீர்?

4. நம் பஞ்சாயத்தின் பல்லுயிர்ப் பதிவேட்டில் இச்செடிகளைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது? திருத்த வேண்டியது உண்டா?

வரும் மழைக்காலத்தில் உறுப்பினர்களும் விவசாயிகளும் பள்ளி மாணவர்களைத் துணைக்கொண்டு இப்பணியைத் தொடங்குவார்களாக. ஒரு பூதக்கண்ணாடியும், பழைய செய்தித்தாளும், ஒரு நாள் பொழுதும் இதற்குப் போதும்.